சித்தி ஓட்டிய ஒரு சுற்று

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு துணிப்பெட்டியும் ஒரு ரைஸ் குக்கரும் கொண்டுவந்தாள். மோட்டார் சைக்கிள் நான்கு மாதம் கழித்து வந்தது.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் செங்காங்கில் இருந்த புருஷன் வீட்டை விட்டுவிட்டு, ஊரின் மறுபக்கம் புக்கிட் பாத்தோக்கில் இருந்த எங்கள் மூவறை வீட்டுக்கு வந்தாள். என் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடும் மெத்தை அவளுடையதாயிற்று. ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. கீழே ஒரு ஆள் படுத்திருப்பது பிடித்திருந்தது, அதனால் நானும் கேட்கவில்லை.

பெரியவர்கள் அவளைப் பற்றிப் பேசினால் ஒரே இடத்தில்தான் போய் முடிப்பார்கள். அவள் எதையும் முழுசாக முடிக்க மாட்டாள். பாலிடெக்னிக் பாதியில், தையல் வகுப்பு பாதியில், கடைசியில் கல்யாணமும் பாதியில். நானும் பிற்பாடு உயர்நிலை மூன்றோடு படிப்பை விட்டு, பினாங்கில் ஒரு ஹோட்டல் சலவை அறை, பாத்தாமில் ஆறு மாதம், பிறகு எங்கே வேலையோ அங்கே என்று அலைந்தவள்தான். ஒவ்வொன்றையும் விடுவதற்கு ஒவ்வொரு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள்தான் அதை ஒரு குணமாக்கிவிடுவார்கள்.

பைக் ஒரு லாரியின் முதுகில் படுத்துக்கொண்டு வந்தது. இருபது வருடப் பழைய, நூற்றைம்பது சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்போர்ட்ஸ் பைக். யாரோ ஒரு பையன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட, மூன்று வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அவன் அம்மா கொடுத்துவிட்டாள். சிவப்பாக இருந்ததாகச் சித்தி சொன்னாள். நான் பார்த்தபோது அது வெளிறிப்போன மாதுளைத் தோல் நிறத்தில் இருந்தது. தொட்ட இடமெல்லாம் விரலில் துரு ஒட்டியது.

அப்பா ஏர்கான் சர்வீஸ் வேலை பார்த்தார். வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்ற மரியாதை அவருக்கு இருந்தது. கார்பார்க் மேல்தளத்தில் பைக்கை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி என்னத்தம்மா ரிப்பேர் பண்ணியிருக்க?"

"மிக்ஸி, அத்தான்."

"ஓடுச்சா?"

"பாதி நாள் ஓடுச்சு."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் அப்பா சொன்னார், "சரி, இது மட்டும் ஓடட்டும். தேக்கா கோயில் வரைக்கும் உன் பின்னால உட்காந்து வர்றேன்."

சித்தி சிரிக்கவில்லை. "சொன்னதக் காப்பாத்தணும், அத்தான்."

"காப்பாத்துறேன். முதல்ல ஓடட்டும் லா."

அன்றைக்குப் பிறகு அது வேலைக்குப் போக வாங்கிய வண்டியாக இல்லாமல் போனது. சித்தி உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள், பஸ்ஸும் ரயிலுமாக ஒன்றரை மணி நேரம். பைக் இருந்தால் வசதி என்றுதான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் மெத்தையில் படுத்துக்கொண்டு அவள் என்னைக் கேட்டதெல்லாம் வேறு. "உங்கப்பா எத்தனை கிலோ இருப்பாரு, குட்டி? பின்னால கால் வைக்கிற கம்பி ரெண்டும் துரு. தாங்குமா?" அந்த வீட்டில் ஒருத்தராவது அவளை நம்பி ஏறி உட்கார வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒன்பது வயதிலும் எனக்கு அது விளங்கியது.

கார்பார்க்கில் ரிப்பேர் வேலை செய்யக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். அதனால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி லிஃப்டில் ஏற்றி எட்டாவது மாடியில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சித்திக்கு அந்த வேலை ஒன்றும் தெரியாது. யூடியூபில் தேடினாள். அந்த மாடல் பைக்கைப் பிரித்துச் சேர்க்கும் வீடியோக்களை ஒரு தாய்லாந்துக்காரர்தான் முழுதாகப் போட்டிருந்தார், தாய் மொழியில். நாங்கள் ஃபோனை மைலோ டின்னில் சாய்த்து வைத்து அவர் கையை மட்டும் பார்ப்போம். அவர் பேச்சு காதில் விழும், மண்டையில் ஏறாது. சில இடங்களில் அவர் விரலை ஆட்டிக் கடுமையாக எதையோ எச்சரிப்பார். "திட்டுறாரு பாரு," என்பாள் சித்தி. எதற்குத் திட்டுகிறார் என்று இருவருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத உறுப்புகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். கார்புரேட்டர் குடல். கண்ணாடிகள் காது. முன்சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக இருந்த பிரேக் வட்டு இடியாப்பத் தட்டு. நட்டு, திருகு எல்லாவற்றையும் காயா ஜாம் பாட்டில்களிலும் ஐஸ்கிரீம் டப்பாக்களிலும் போட்டு, மேலே டேப் ஒட்டி நான் எழுதினேன். 'இடது காது, நாலு திருகு, ஒண்ணு வளைஞ்சது.' என் பள்ளிக்கூட நோட்டுகளில் இல்லாத சுத்தம் அந்த டப்பாக்களில் இருந்தது.

பெட்ரோல் டேங்கின் உள்ளே முழுக்கத் துரு. தாய்லாந்துக்காரர் எதையோ ஊற்றினார், பாட்டிலில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க முடியவில்லை. சித்தி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். குத்துவிளக்கைப் பளபளப்பாக்குகிற புளி இதை மட்டும் ஆக்காதா என்றாள். இரண்டு பாக்கெட் புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளையும் போட்டு மூடி, ஒரு பழைய புடவையில் டேங்கைக் கட்டி ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூளி ஆட்டுவதுபோல ஆட்டினோம். நான்கு நாள் ஆட்டினோம்.

"என்ன, ரசம் வைக்கிறியா?" என்று அப்பா வாசலில் நின்றார்.

"உங்களுக்கும் ஒரு டம்ளர் வைக்கிறேன், அத்தான்."

"கொத்தமல்லி போட மறந்துடாத."

"ரெண்டு பாக்கெட் புளிடி!" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். அந்த வாரம் வீட்டில் சாம்பாரே இல்லை, டின் மீனும் பருப்பும்தான். ஆனால் டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது வெள்ளி மாதிரி மின்னியது. அப்பாவும் எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது தன் பையிலிருந்து ஒரு நல்ல ஸ்பேனர் செட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

இப்படி ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு டப்பாவாகக் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் மூன்று திருகுகள் மிஞ்சின, அவை எங்கிருந்து வந்தன என்று இன்றுவரை தெரியாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பத்துப் பதினைந்து முறை உதைத்தபின் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. மேல்தளம் முழுக்க நீலப் புகை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "வாவ், டூ-ஸ்ட்ரோக்! லாங் டைம் நெவர் ஸ்மெல் ஆல்ரெடி லா!" சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவள் கை முழுக்கக் கிரீஸ், என் சட்டை அதோடு போயிற்று.

ஆயுத பூஜையன்று காலையில் முதல் ஓட்டம் என்று முடிவாயிற்று. மேல்தளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது, அப்புறம் அப்பாவை ஏற்றிக்கொண்டு கோயில். அம்மாவும் நானும் ரயிலில் போய்விடுவோம். பத்து வயது நிரம்பாத பிள்ளையைப் பின்னால் ஏற்றக் கூடாது என்பது சட்டம். எனக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. சித்தி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள், நானும்தான்.

பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் இரும்பு எல்லாவற்றுக்கும் குளியல் நடக்கும். அரிவாள்மனை, கத்தி, தோசைக்கல், அப்பாவின் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மறுபடி துருப் பிடிக்காமல் இருக்க நல்லெண்ணெய் தடவி வரிசையாக வைக்க வேண்டும். துடைப்பதும் தடவுவதும் வருடா வருடம் என் வேலை. சித்தி காலையில் பைக்கைக் கழுவி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மத்தியான ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

நான் எல்லாவற்றையும் முடித்தேன். கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம் இருந்தது. பைக்கும் இரும்புதானே என்று தோன்றியது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். வண்டி ஜொலித்தது. இடியாப்பத் தட்டில் மட்டும் மெல்லிசாக மஞ்சள் பூத்திருந்தது. காலையில் கழுவிய தண்ணீர், மத்தியானத்துக்குள் துரு.

ஏழு மாதமாகத் துருவோடுதான் சண்டை போட்டிருந்தோம். நாளைக்கு அப்பா வந்து பார்த்தால் இதைத்தான் முதலில் காட்டுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, துணியை எண்ணெயில் முக்கித் தேய்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாக. என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எந்த வேலையையும் அவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை. துரு போய்விட்டது. சித்தியிடம் சொல்லக் கூடாது, அவளாகப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

மறுநாள் காலை அப்பா குளித்துத் திருநீறு பூசி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"வேட்டியோட எப்படி ஏறுவீங்க?" என்றாள் அம்மா.

அப்பா உள்ளே போய்ப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். வரும்போது கையில் ஒரு ஹெல்மெட் இருந்தது. கூட வேலை பார்க்கிறவரிடம் இரவல் வாங்கிவந்து அலமாரியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். சித்தி அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வார்த்தைனா வார்த்தை," என்றார் அப்பா. "மெதுவா ஓட்டு. எனக்கு இன்சூரன்ஸ் கம்மி."

வண்டிக்கு மாலை போட்டு, முன்விளக்குக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, அம்மா கற்பூரம் காட்டினாள். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். சித்தி உதைத்தாள், இரண்டாவது உதையில் கிளம்பியது. பழங்கள் நசுங்கின. புகைக்குள் புகுந்து அவள் போனாள். மேல்தளத்தின் கோடியில் திரும்பினாள். இந்தப் பக்கம் வரும்போது ஹெல்மெட்டுக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது. வேகம் ஒன்றும் இல்லை, சைக்கிளில் போகிற வேகம்தான்.

அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் போய் நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பத்தடி முன்னால் வண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. சித்தியின் வலது கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன், சக்கரம் அதுபாட்டுக்குச் சுற்றியது. அவள் காலால் பின்பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்தது. எங்கள் மேல் வராமலிருக்க ஹேண்டிலை மறுபக்கம் ஒடித்தாள். கைப்பிடிச் சுவரில் மோதி, சீன அங்கிளின் இரண்டு பூந்தொட்டிகளோடு சேர்ந்து விழுந்தாள்.

அம்மா கத்திக்கொண்டு ஓடினாள். சித்திக்கு முழங்கையில் தோல் போயிருந்தது, மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது, வேறொன்றும் இல்லை. வண்டியின் இடது பக்க மூடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. மாலை பிய்ந்து சாமந்தி தரையெல்லாம் சிதறியிருந்தது.

அம்மா பிடித்துத் தூக்கியும் சித்தி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முன்சக்கரத்தின் பக்கம் நகர்ந்தாள். தட்டில் ஒரு விரலை வைத்துத் தேய்த்தாள். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மூக்கைத் துடைக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா. "பிள்ளை நின்னுக்கிட்டிருக்கா! என்ன ஆச்சு?"

சித்தி விரலைத் தன் பேண்டில் அழுத்தித் துடைத்தாள்.

"பிரேக்க நான் சரியா மாட்டல, அத்தான். என் தப்புதான்."

"என்ன மாட்டல?"

"தெரியல. எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்."

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது கோபமாகத்தான் வந்தது. "தெரியாத வேலைல கை வச்சா இப்படித்தான். தாய்லாந்துக்காரன் பேசுறது ஒரு எழுத்து புரியாது, அதப் பாத்து பிரேக் மாட்டுறாளாம்! நான் ஏறியிருந்தா? ராம்ப் சரிவுல இறங்கியிருந்தா?"

"விடுங்க," என்றாள் அம்மா. பிறகு சித்தியின் கையில் மஞ்சளை அப்பிக்கொண்டே மெல்லிய குரலில், "உனக்கு எதுக்குடி இதெல்லாம்? ஒண்ணாவது உருப்படியா முடிஞ்சிருக்கா?" என்றாள்.

சித்தி தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிற மாதிரி.

நாங்கள் மூன்று பேரும் ரயிலில் கோயிலுக்குப் போனோம். அவள் வரவில்லை. இரவல் ஹெல்மெட் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுத் திங்கட்கிழமை திரும்பிப் போயிற்று.

மூன்று நாள் கழித்துச் சித்தி என்னை மேல்தளத்துக்குக் கூப்பிட்டாள். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, புதிதாக வாங்கிய இரண்டு பிரேக் கட்டைகள். வலது மணிக்கட்டில் கட்டு இருந்ததால் இடது கையால் தட்டைத் தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன்.

"தண்ணி பட்டா துருப் பிடிக்காதா?" என்றேன்.

"பிடிக்கும். மெல்லிசா மஞ்சளா. ஓட்டி ஒரு தடவை பிரேக் பிடிச்சா தானா போயிடும். அதை நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

நான் மெதுவாகக் கேட்டேன், "எண்ணெய் பட்டா?"

"வழுக்கும். பிரேக் பிடிக்காது." அவள் திரும்பவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஊர்ல காத்துலயே எண்ணெய் இருக்கு, குட்டி. பக்கத்துல யாரு வீட்டுல வடை சுட்டாலும் வந்து படிஞ்சிடும். இந்தத் தட்டுல மட்டும் எண்ணெய் படவே கூடாது. சங்கிலிக்கு வேணும், இதுக்கு ஆகாது. ஞாபகம் வச்சுக்கோ, என்ன?"

"சரி," என்றேன்.

நான் தேய்த்த எண்ணெய்தான் அது. சித்திக்குத் தெரியவில்லை. காற்றில் வந்த எண்ணெய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாவம், அவளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. வாளியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, பிடித்துவர ஓடிவிட்டேன்.

பைக் அந்த வருடத்து அரசாங்கச் சோதனையில் முதல் தடவையே பாஸ் ஆயிற்று. சித்தி அதில் இரண்டு வருடம் உட்லண்ட்ஸுக்குப் போய்வந்தாள். ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் முட்டி வலியோ வேறு வேலையோ இருந்தது. எனக்குப் பத்து வயது ஆனபோது, பின்னால் ஏறினால் காலை ஒடித்துவிடுவேன் என்றாள் அம்மா. பின்சீட்டில் சித்தி மழைக்கோட்டை மடித்துக் கட்டிவைத்திருப்பாள். பிறகு அவள் வேலைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பைக் யாரிடமோ போயிற்று.

ஆனால் அந்த ஒரு சுற்று மட்டும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. தீபாவளி, பிறந்தநாள், யாராவது ஊரிலிருந்து வந்தால், சாப்பாடு முடிந்ததும் அப்பா அதைச் சொல்வார். நன்றாகச் சொல்வார். புளி கரைத்தது, தாய்லாந்துக்காரர் விரலை ஆட்டியது, இரவல் ஹெல்மெட் எல்லாம் வரும். "ஒரு ரவுண்டு. ஒரே ஒரு ரவுண்டு. கோயிலுக்குப் போறதுக்கு பதிலா நேரா மேல போயிருப்பேன்!" எல்லாரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். "பிரேக் எங்க இருக்குன்னே தெரியாதவ கையில வண்டி!" என்று அவளே எடுத்துக் கொடுப்பாள்.

அப்பாவுக்குச் சொல்ல மனமில்லாத நாட்களில்கூட, "அந்தக் கதையச் சொல்லுங்கப்பா" என்று நச்சரித்தது நான்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் நான்தான். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்வரை யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கதை பிரேக்குக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வரும். ஓரக்கண்ணால் சித்தியைப் பார்த்துக்கொள்வேன். அந்த இடம் வந்தால் அவள் தட்டில் மிச்சமிருக்கும் சோற்றை ஒதுக்குவாள், பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றுவாள், ஜன்னலைப் பார்ப்பாள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட, தவறிக்கூட, என் பக்கம் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரியாது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.